பாங்கு முடியும் வரை

தங்கச்சி என்று சொல்லியிருக்கக் கூடாது. அதற்கு முன்னால் ஆங்கிலத்தில் சொன்னது வரைக்கும் சரியாகத்தான் இருந்தது, அதை நேற்றே எழுதி அறையில் நின்று வாய்விட்டுப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்: இடைவேளைக்குப் பிறகு அந்தக் கேலிச்சித்திரத்தைத் திரையில் பார்க்கப் போகிறோம், யாருக்காவது மனம் புண்படும் என்றால் அந்தக் கொஞ்ச நேரம் வெளியே இருக்கலாம், வருகைப் பதிவில் அது சேராது. நல்ல வாக்கியங்கள். யாரையும் குறிப்பிடாத வாக்கியங்கள். அதோடு வாயை மூடிக்கொண்டு காபி மெஷின் பக்கம் போயிருந்தால் இந்நேரம் நானும் ஒரு கோப்பையோடு நின்று மழையைப் பற்றி யாரிடமாவது பேசிக்கொண்டிருப்பேன். ஆனால் கண் ஜன்னல் பக்கம் போய்விட்டது. அங்கே ஷாமிலா குனிந்து பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள், வாய் தானாகத் தமிழுக்கு மாறிவிட்டது. "தங்கச்சி, நீங்க வேணா வெளிய இருங்க, ஒண்ணும் பிரச்சினை இல்ல." குரலைத் தணித்து வேறு சொன்னேன். வகுப்பில் எங்கள் இருவரைத் தவிர ஒருவருக்கும் தமிழ் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. நபியைக் கேலி செய்யும் படம், மனம் புண்படுகிறவர்கள் என்று சொல்லி வாய் மூடுவதற்குள் ஆசிரியன் ஒருத்தியைப் பார்த்து வேறு மொழியில் ரகசியமாக எதையோ சொன்னால், அது என்னவென்று விளங்க மொழி எதற்கு. எல்லாத் தலைகளும் திரும்பின. முன்வரிசை யோரிஸ் நல்ல பையன், கதவைப் பிடித்துக்கொண்டு மற்றவர்களை முதலில் போகச் சொல்கிறவன், அவன்தான் கேட்டான், "அட, நீ முஸ்லிமா? எனக்குத் தெரியவே தெரியாதே. அப்படியென்றால் நீ என்ன நினைக்கிறாய் என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்." கேலியே இல்லை அதில். ஷாமிலா பேனாவை மூடினாள். "இப்போதைக்கு எனக்கு ஒரு காபி வேண்டும் என்று நினைக்கிறேன்," என்றாள், எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள், எழுந்து போனாள். பையை எடுத்துக்கொண்டு போனாள். காபிக்குப் போகிறவளுக்குப் பை எதற்கு?

அறையில் இப்போது நான் மட்டும்தான். அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் குழாய்க்குள் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்கிறது. திரையில் 'இடைவேளை' என்ற எழுத்து நிற்கிறது, என் கையில் ரிமோட். ஒரு தடவை அழுத்தினால் படம் வந்துவிடும், அதனால் கட்டைவிரலை அந்தப் பொத்தானிலிருந்து தள்ளி வைத்துக்கொண்டிருக்கிறேன், ரிமோட்டை மேசையில் வைத்துவிட்டால் போதும் என்பது தோன்றவே இவ்வளவு நேரம் ஆயிற்று. வைத்துவிட்டேன். எல்லோருடைய கோட்டும் நாற்காலிகளில் தொங்குகிறது, அவளுடைய நாற்காலி மட்டும் காலி. வெளியே மழை, கீழே சைக்கிள்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நனைகின்றன. நெதர்லாந்தின் இந்த வடக்கு மூலைக்கு ஆராய்ச்சிக்கு வந்த முதல் வாரத்தில் அந்தச் சைக்கிள்களைப் படம் எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். பட்டுக்கோட்டையில் சைக்கிள் கடை வைத்திருக்கிறவருக்கு அனுப்ப அதைவிட நல்ல படம் கிடைக்குமா? அவர் குரல் பதிவில் பதில் போட்டார், "இத்தனை வண்டியும் மழையில கெடக்கே, செயின் எல்லாம் என்னத்துக்கு ஆவும்? பெரிய படிப்புப் படிச்ச ஊருங்கிறே." படிப்பு. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான், ஊடகச் சட்டத்தில் ஆராய்ச்சி, வாரம் ஒரு நாள் பேராசிரியைக்குப் பதிலாக இந்த வகுப்பு. எதையும் எழுதிவைக்காமல் பேசத் தெரியாது எனக்கு. ஜோக்கைக்கூட எழுதிவைத்துக்கொள்வேன். எழுதாமல் பேசியது இன்றைக்குத்தான், அந்த ஒற்றை வரி.

அவள் முஸ்லிம் என்பது யாரும் சொல்லி எனக்குத் தெரிந்ததில்லை. வகுப்புப் பட்டியலில் ஷாமிலா என்று மட்டும் இருந்தது, அவள் தலையில் முக்காடு கிடையாது, இவர்களுக்கு அவள் ஓர் இந்தியப் பெண், அவ்வளவுதான். எனக்குத் தெரிந்தது நூலகத்தில். புத்தக அலமாரிக்கு அந்தப் பக்கம் யாரோ பையிலிருந்து ஒரு துப்பட்டாவை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு போனை முகத்துக்கு நேரே பிடித்து, "வாப்பா, இப்பத்தான் லைப்ரரிக்கு வந்தேன், வாப்பா, சாப்ட்டுட்டேன்," என்றார்கள். வாப்பா என்ற அந்த ஒரு சொல் போதும். அதிராம்பட்டினம் என்று ஊரைக்கூட சொல்லியிருப்பேன், கேட்டபோது அதுவேதான். எங்கள் ஊரிலிருந்து ஒரு டவுன் பஸ் தூரம். இவ்வளவு தூரம் வந்து பக்கத்து ஊர்ப் பெண்ணைப் பார்த்த சந்தோஷத்தில் நான் சத்தமாகச் சிரித்ததும், அவள் துப்பட்டாவை மடித்துப் பைக்குள் வைத்தபடியே, "அண்ணா, யாருகிட்டயும் சொல்லிடாதீங்க," என்றாள். எதைச் சொல்லக் கூடாது என்று எனக்குப் புரியவில்லை. தலையில் போடுவதில்லை என்பதை ஊரில் சொல்லக் கூடாதா, முஸ்லிம் என்பதை இங்கே சொல்லக் கூடாதா? அவளே சொன்னாள். "இதுக்கு முந்தி இருந்த வீட்டுல ஒரு பொண்ணுக்குத் தெரியும். எங்க குண்டு வெடிச்சாலும் என்கிட்ட வந்து நிப்பா. நல்லவதான். நீ ஓகேயா, நீ என்ன நெனக்கிறேன்னு கேப்பா. சமைச்சுக்கிட்டு இருப்பேண்ணா, வெங்காயம் கையில இருக்கும், நான் என்ன நெனக்கிறேன்னு அவளுக்கு அப்பவே தெரிஞ்சாவணும். இங்க யாருக்கும் நான் என்னன்னு தெரியாது. அது எவ்வளவு ரெஸ்ட் தெரியுமா?" ரெஸ்ட் என்றுதான் சொன்னாள். சரி தங்கச்சி என்று நான் தலையாட்டினேன். அன்றைக்கும் தங்கச்சிதான்.

அக்கறையில் சொன்னது என்று வைத்துக்கொள்ளலாமா? அவள் திரும்பி வந்தால் அப்படித்தான் சொல்லப் போகிறேன், உங்க மேல அக்கறையிலதான் சொன்னேன் என்று. வாக்கியம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தங்கச்சி என்று வாய் சொன்ன அந்த நொடியில் மனதில் என்ன ஓடியது என்பது எனக்குத் தெரியும், வேறு யாருக்கும் தெரியாது என்பதால் அது இல்லாமல் போய்விடாது. பிரான்ஸில் ஓர் ஆசிரியர் வகுப்பில் இப்படிப்பட்ட படத்தைக் காட்டியதற்காகத் தெருவில் வைத்துக் கொல்லப்பட்டார். அந்தச் செய்தியைப் படித்த நாளில் அவருடைய மேசை, அவர் திருத்தாமல் விட்டுப்போன பரீட்சைத்தாள்கள் என்று எதையெல்லாமோ நினைத்துத் தூங்காமல் கிடந்தேன், அவருக்காகத்தான் இந்த வகுப்பையே இப்படி அமைத்தேன் என்றுகூடச் சொல்லிக்கொள்வேன். பயந்து நாம் ஒரு படத்தை மறைத்தால் கொன்றவன் சொன்னதைச் செய்தவர்கள் ஆகிவிடுவோம். இதை நான் இப்போதும் நம்புகிறேன். ஆனால் ஷாமிலாவைப் பார்த்தபோது நினைத்தது அது இல்லை. இவள் தன் வாப்பாவிடம் சொல்வாள், அவர் பள்ளிவாசலில் நாலு பேரிடம் சொல்வார், பட்டுக்கோட்டை கருப்புச்சட்டை தங்கவேலு மகன் வெளிநாட்டில் போய் நபியைக் கேலி செய்து படம் காட்டினானாம் என்று அந்த டவுன் பஸ்ஸிலேயே பேச்சு போகும், அப்பாவின் கடை அதிராம்பட்டினம் சாலையில் இருக்கிறது, பாதி வாடிக்கை அந்தப் பக்கத்து ஆட்கள், ஷட்டரை யாராவது, கல்லை யாராவது. அந்தப் பெண் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்து எனக்கு இதெல்லாம் ஓடியது. வெளியே இருங்கள் என்று நான் சொன்னது அவள் பார்க்காமல் இருக்க, பார்க்காவிட்டால் சொல்ல மாட்டாள் என்பதற்காக. அந்தப் பயத்துக்குத் தங்கச்சி என்ற சொல்லைப் போர்த்திவிட்டேன்.

அப்பா இதைக் கேட்டால் என்ன சொல்வார்? அப்பா மேடையில் பேசுகிறவர். பகல் முழுக்க பஞ்சர் ஒட்டிவிட்டு, சாயங்காலம் கிரீஸ் போகத் தேய்த்துக் குளித்து, கருப்புச்சட்டை போட்டுக்கொண்டு, எந்த முக்கில் மைக் கட்டியிருக்கிறார்களோ அங்கே போய்க் கடவுள் இல்லை என்று பேசிவிட்டு வருவார். "என் பேர்ல மட்டும் முருகன் ஒட்டிக்கிட்டு இருக்கான்யா, வாடகை குடுக்காம," என்று ஆரம்பிப்பார், கூட்டம் சிரிக்கும், அப்புறம் ஒவ்வொரு சாமியாக எடுப்பார். கோயில் தெருவில் செருப்புப் போட்டு நடந்ததற்காக அடி வாங்கிய தாத்தாவின் மகன். அவர் கேலி செய்ததெல்லாம் அவரை உள்ளே விடாதவர்களை. பேசும் உரிமை என்றால் என்னவென்று நான் படித்தது இந்த ஊரின் புத்தகங்களில் இல்லை, அந்த மைக்குக்குக் கீழே மணலில் உட்கார்ந்துதான். ஆனால் அதிராம்பட்டினத்தில் கூட்டம் நடந்தால் ஒன்று நடக்கும். பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு ஆரம்பித்ததும் அப்பா நிறுத்திவிடுவார். பாதி வாக்கியத்தில், பாதிச் சாமியில். மைக்கை வயிற்றோடு அணைத்துக்கொண்டு நிற்பார், பாங்கு முடிந்ததும் விட்ட சொல்லிலிருந்தே தொடங்குவார். எல்லாக் கட்சிக்காரர்களும் எங்கள் பக்கம் அப்படித்தான் நிறுத்துவார்கள், ஆனால் கடவுளே இல்லை என்கிறவர் நிறுத்துவது வேடிக்கையாக இருக்கும். ஒருவர் கேட்டேவிட்டார், "சாமி இல்லங்கிறே, பாங்குக்கு ஏன்யா நிறுத்துறே?" அப்பா மைக்கிலேயே சொன்னார், "ரெண்டு மைக்கும் சேந்து கத்துனா ஒனக்கு எதுய்யா கேக்கும்?" அன்றைக்கு அதற்குத்தான் பெரிய கைதட்டல்.

தஞ்சாவூர்க் கல்லூரி விடுதியில் கோகுல் என்று ஒருவன் என் அறையில் இருந்தான், படுக்கைக்கு மேலே பெருமாள் படம் மாட்டியிருப்பான். அவனுக்கு இந்தக் கதையைப் பெருமையாகச் சொல்லித் தொலைத்தேன். அதற்குப் பிறகு மூன்று வருஷமும் அவன் விடவில்லை. "ஏன்டா, ஒங்கப்பாவுக்கு எங்க சாமிதான் கெடச்சுதா? அந்தப் பக்கம் ஒரு வார்த்தை பேசச் சொல்லு பாப்போம். பயம்டா. சும்மா ரெண்டு மைக்காம்." நான் என்னென்னவோ பதில் சொன்னேன், மேலே இருப்பவனைக் கேட்பது வேறு, பக்கத்தில் இருப்பவனைச் சீண்டுவது வேறு என்று. சொல்லும்போதே, பயம்தானோ என்று எனக்கும் தோன்றும். அந்தப் பயம்டா இங்கே வரைக்கும் கூட வந்துவிட்டது. பேராசிரியை, படத்தைக் காட்டுவதும் விவரிப்பதோடு விடுவதும் உன் முடிவு என்றுதான் சொன்னார், "எதைச் செய்தாலும் மாணவர்களிடம் கேள், அவர்களுக்காக நீ முடிவு செய்யாதே," என்றும் சொன்னார். நான் உடனே, இல்லை, காட்டுவேன் என்றேன். ரொம்ப வேகமாகச் சொன்னேன். அந்தப் பக்கமும் பேசுவேன் என்று கோகுலுக்குக் காட்ட, அவன் பெங்களூரில் எங்கேயோ வேலை செய்கிறான், என்னை நினைப்பதுகூட இருக்காது. அந்தப் படத்தைப் பார்த்து எனக்குச் சிரிப்பே வரவில்லை. கையில் வித்தை உள்ளவன் வரைந்த படமும் இல்லை. இங்கே தரை துடைக்கிறவர்களும் வண்டி ஓட்டுகிறவர்களும் உள்ள ஒரு கூட்டத்தைப் பார்த்து, அவர்கள் வீட்டு வாசலில் காறித் துப்பின மாதிரி ஒரு படம். வரையட்டும், வரைந்தவனை யாரும் தொடக் கூடாது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அதை என் தைரியம் என்று நான் ஏன் எடுத்து வந்து வைத்தேன்? அப்பா கேலியை மேலே பார்த்து எறிந்தார். நான் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்து.

காபி மெஷின் பக்கமிருந்து யோரிஸின் குரல் கேட்கிறது, என்ன சொல்கிறான் என்று தெரியவில்லை, அவளிடமாக இருக்குமோ, கதவருகே போய்ப் பார்க்கலாம், பார்த்தால் நான் பார்க்கிறேன் என்று அவளுக்குத் தெரியும். அதற்குள் கை போனை எடுத்து அப்பாவை அழைத்துவிட்டது. அங்கே இருட்டியிருக்கும், கடை கட்டும் நேரம். "என்னப்பா, வகுப்பு இல்லியா?" என்றார். பின்னால் பஸ் ஹாரன், யாரோ டியூப் விலை கேட்கிறார்கள். "இடைவேளைப்பா. சும்மாதான்." "சாப்ட்டியா?" "ஆச்சு." பாங்குக்கு ஏன் நிறுத்துவீங்க என்று கேட்கத்தான் அழைத்தேன். பயமா, மரியாதையா, ஓட்டா, எது. கேட்டால், ஏன்ப்பா என்பார். அப்புறம் தங்கச்சி வரைக்கும் சொல்ல வேண்டிவரும். "இன்னிக்கு என்ன பாடம்?" என்றார். "பேச்சுரிமைப்பா." "அட," என்றார், அந்த அட-வில் இருந்த சந்தோஷத்தைக் கேட்க முடியவில்லை. "அங்கல்லாம் எதை வேணா பேசலாமாம்ல? கல்லு வராதாம்ல? பேசுப்பா. நம்ம ஆளு ஒருத்தன் அங்க போயி மேடை ஏறி..." நின்றுவிட்டது. தொடர்பு போய்விட்டது என்று நினைத்து, அப்பா, அப்பா என்றேன். போகவில்லை. தூரத்தில், பஸ் சத்தத்துக்குப் பின்னால், கடைக்கு எதிர்த்த சந்திலிருந்து பாங்கு. இரவின் இஷா தொழுகைக்கான பாங்கு. அப்பா போனைக் காதில் வைத்துக்கொண்டு பேசாமல் நிற்கிறார். அங்கே கூட்டம் இல்லை, மைக் இல்லை, கைதட்ட ஆள் இல்லை, டியூப் வாங்க வந்தவரைத் தவிர யாரும் பார்க்கவில்லை. அவர் மூச்சு விடுவது கேட்கிறது. ரேடியேட்டர் தண்ணீரும் அந்தக் குரலும் ஒன்றாகக் கேட்கின்றன. கதவுக்கு வெளியே காலடிச் சத்தம், சிரிப்பு, வருகிறார்கள். பாங்கு இன்னும் முடியவில்லை. அது போனுக்கு வெளியே கேட்கிறது, அறை முழுக்கக் கேட்பது போல எனக்குத் தோன்றியது, இவர்கள் உள்ளே வரும்போது வகுப்பில் இது ஒலித்துக்கொண்டிருந்தால் என்னவென்று சொல்வது. நான் போனை வைத்துவிட்டேன். அப்பா பாதி வாக்கியத்தோடு அங்கே நிற்கிறார், முடிந்ததும் விட்ட சொல்லிலிருந்து தொடங்குவார், இந்தப் பக்கம் யாரும் இருக்க மாட்டார்கள்.

உட்காருகிறார்கள். யோரிஸ் என்னருகே வந்து மெதுவாக, "ஆரி, நான் ஏதும் தப்பாகக் கேட்டுவிட்டேனா?" என்றான். அறிவொளி என்ற பெயரை இவர்கள் ஆரியாக்கி வைத்திருக்கிறார்கள். இல்லை, நீ இல்லை, என்றேன். அவன் நிம்மதியாகப் போய் உட்கார்ந்தான். ஜன்னலோர நாற்காலி காலியாகவே இருந்தது. வரவில்லை, போய்விட்டாள், இந்த வகுப்பை விட்டே போய்விட்டாள், இனி நூலகத்தில் என்னைக் கண்டால் வேறு அலமாரிக்குப் போவாள். நல்லது என்று ஒரு குரல் எனக்குள் சொன்னது, சத்தியமாகச் சொன்னது, போனது நல்லது, பார்க்க மாட்டாள். நான் கதவைச் சாத்தப் போனேன், அவள் அங்கே நின்றாள். தலையில் அந்தத் துப்பட்டா. அதன் ஓரத்திலிருந்து தண்ணீர் சொட்டியது, மழைக்காகப் போட்டாளா, மழையில் போய் நின்றுவிட்டு வந்தாளா, இனி எடுத்து என்ன ஆகப் போகிறது என்று போட்டாளா, தெரியவில்லை, கேட்கும் உரிமையை நானே இழந்துவிட்டிருந்தேன். தயாராக இருந்த வாக்கியத்தைத் திறந்தேன், "ஷாமிலா, உங்க மேல அக்கறையிலதான்..." அவள் என்னைத் தாண்டி உள்ளே வந்தாள். தாண்டும்போது, சாதாரணக் குரலில், டவுன் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் சொல்வது போல, "போடுங்கண்ணா. வாப்பாகிட்ட சொல்ல மாட்டேன்," என்றாள். போய் ஜன்னலோரம் உட்காரவில்லை. முன்வரிசையில், எனக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள்.

என்னென்னவோ பேச ஆரம்பித்தேன், எழுதி வைத்ததைத்தான், இந்தப் படம் வெளியானபோது பத்திரிகையின் ஆசிரியர் குழு சொன்ன விளக்கம், நீதிமன்றம் எடுத்துக்கொண்ட அளவுகோல் என்று, பாதி வாக்கியத்தில் பேச்சு நின்றுவிட்டது. எதற்காகவும் நிற்கவில்லை, சும்மா நின்றுவிட்டது. பென்சில்கள் காத்திருந்தன. இப்போது காட்டாமல் விட்டால் யாருக்காக விட்டேன் என்று எல்லோருக்கும் தெரியும். காட்டினாலும் யாருக்கு எதிரே காட்டினேன் என்று தெரியும். இரண்டு வழியையும் அவள் மேலாகவே போட்டது நான்தான், இனி அவளை மிதிக்காமல் போக எனக்கு ஒரு வழியும் இல்லை. அப்பாவின் நிறுத்தத்துக்கு ஒரு முடிவு உண்டு, பாங்கு முடியும். இங்கே அறை அமைதியாக இருந்தது, முடிவதற்கு எதுவும் இல்லை. ரிமோட்டை எடுத்து அழுத்தினேன். பின்னால் திரையில் வெளிச்சம் மாறியது எதிரே இருந்தவர்கள் முகத்தில் தெரிந்தது. ஒருவரும் திரையைப் பார்க்கவில்லை. யோரிஸ், அவனுக்குப் பக்கத்தில் இருந்தவள், பின்வரிசைகள், அத்தனை பேரும் ஈரத் துப்பட்டாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவள் எப்படிப் பார்க்கிறாள் என்று பார்க்க. அவளும் திரையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள், கோபம் இல்லாமல், டவுன் பஸ்ஸில் தெரிந்த ஆளைப் பார்ப்பது போல. அந்தக் கண்ணிலிருந்து எங்காவது திரும்ப வேண்டியிருந்தது, திரையின் பக்கம் திரும்பினேன். அந்த அறையில் அந்தப் படத்தைப் பார்த்தது நான் ஒருவன்தான்.